கல்லில் வாழும் கல்விக்கொடை

புதுச்சேரிக்கு வருகை தரும் அன்பர்கள் பலரும் கடற்கரையைக் கண்டு, மணக்குள விநாயகரை வணங்கி, பிரெஞ்சுக்காரர் அமைத்த நேரிய வீதிகளில் உலாவி ஊர் திரும்புவது வழக்கம். அவ்வீதிகளின் பழைமை சில நூற்றாண்டுகளுக்கு உட்பட்டதே. நகரின் எல்லையைக் கடந்து வயல்கள் சூழ்ந்த கொம்யூன் பகுதிகளுக்குச் செல்வோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றைக் காண்பர். அவ்வரலாறு திருக்கோயிற் சுவர்களிலேயே எழுதப்பெற்றுள்ளது. இறைவனைத் தொழுதபின் அச்சுவர்களையும் சற்றே நின்று நோக்குவோர், வழிபாட்டின் பயனோடு நம் முன்னோர் செய்த அறத்தின் சிறப்பையும் உணர்ந்து மகிழலாம்.

வாகூர்ப் பெருங்கல்லூரி

புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பாகூர். வாகூர் என்பது இதன் பழம்பெயர். இங்கு வேதாம்பிகை உடனுறை மூலநாதப் பெருமான் எழுந்தருளியுள்ளார்.

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் வழங்கப்பெற்ற செப்பேடு ஒன்று இவ்வூரின் புகழை உலகறியச் செய்தது. வடமொழியும் தமிழும் கலந்த அச்செப்பேடு ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்தது. வேசாலிப் பேரரையன் என்னும் தலைவன் வேண்டிக்கொண்டதற்கு இணங்க, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்களை, வரி நீக்கி, வாகூரில் விளங்கிய கல்லூரிக்கு மன்னன் அளித்தான் என்பது அதன் செய்தி. கற்பிப்போரும் கற்போரும் வயிற்றுக் கவலையின்றிக் கல்வியில் ஈடுபடுதற்கு அம்மூன்று ஊர்களின் விளைவு உரியதாயிற்று. கல்விக்கென விடப்பெற்ற இத்தகைய கொடையை வித்தியாபோகம் என்பர்.

கல்வியைப் புரந்தது நெல். நெல்லைப் புரந்தது நீர். பாகூர் ஏரி புதுச்சேரிப் பகுதியின் ஏரிகளுள் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரியாகும். தென்பெண்ணையாற்றின் நீரைச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் இவ்வேரிக்குக் கொணர்கின்றது. சிங்காரி, பங்காரி என்னும் நங்கையர் இருவர் தம் பொருளைச் செலவிட்டு வாய்க்கால் வெட்டுவித்தனர் என்பது இவ்வூரார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. மன்னன் செய்த கொடையும் மங்கையர் செய்த கொடையும் ஒருங்கே நினைக்கப்பெறும் ஊர் பாகூர்.

மூலநாதர் திருக்கோயிற் சுவர்களில் சோழர் கல்வெட்டுகளோடு, கன்னரதேவன் என வழங்கப்பெறும் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் கல்வெட்டுகளும் காணப்படுகின்றன. 949ஆம் ஆண்டு தக்கோலப் போரில் சோழர்படை தோல்வியுற்ற பின், இப்பகுதி சிலகாலம் அவன் ஆட்சியில் இருந்தது. அரசுகள் மாறின, கொடிகள் மாறின, மூலநாதர் திருமுன் ஏற்றிய விளக்கு மாறவில்லை. வென்றவனும் தோற்றவனும் ஒரே கோயிலின் சுவரில் இடம்பெற்றிருத்தல் எண்ணி இன்புறத்தக்கது.

திருபுவனையில் 260 மாணவர்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில், வில்லியனூரைக் கடந்து சென்றால், திருஞானசம்பந்தர் பாடியருளிய திருவடுகூர் என்னும் திருவாண்டார்கோயிலும் அதனை அடுத்துத் திருபுவனையும் வரும். திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்பதே திருபுவனை எனச் சுருங்கிற்று.

இவ்வூர்ப் பெருமாள் கோயிலில் முதலாம் இராசாதிராசனின் 30ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. அது 1048ஆம் ஆண்டிற்கு உரியது. அக்காலத்தில் இங்கே நடைபெற்ற கல்லூரியில் 260 மாணவரும் 12 ஆசிரியரும் இருந்தனர் என்றும், வேதம், இலக்கணம், வேதாந்தம் முதலியன பயிற்றப்பெற்றன என்றும் அக்கல்வெட்டால் அறிகின்றோம். ஆசிரியரும் மாணவரும் ஊர் வாரியங்களில் பணிபுரியும் கடமையினின்று விலக்கப்பெற்றனர் என்பது கருதத்தக்கது. கற்பதும் கற்பிப்பதுமே ஊருக்குச் செய்யும் போதிய தொண்டு என அக்காலச் சபையோர் கொண்டனர் போலும்.

வில்லியனூர்த் திருத்தேர்

வில்லியனூரில் கோகிலாம்பிகை உடனுறை திருக்காமீசுவரர் எழுந்தருளியுள்ளார். தன்மபாலன் என்னும் சோழ மன்னன் இத்தலத்துத் தீர்த்தத்தில் நீராடி நோய் நீங்கப்பெற்றுக் கோயில் எடுப்பித்தான் எனத் தலவரலாறு கூறும். இத்தலத்தின் பெருமையை விரித்துரைக்கும் வில்லைப் புராணத்தை ஏட்டிலிருந்து ஆராய்ந்து அச்சிற் பதிப்பித்தவர் டாக்டர் உ.வே. சாமிநாதையர் ஆவார்.

வைகாசிப் பெருவிழாவில் இங்கே நடைபெறும் தேரோட்டம் பெருஞ்சிறப்புடையது. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் ஆளுநரே வந்து வடம்பிடித்துத் தேரைத் தொடங்கி வைத்தனர். 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் அவ்வாட்சி நீங்கிய பின்னும் அம்மரபு நீங்கவில்லை. துணைநிலை ஆளுநர் வடம்பிடிக்கும் வழக்கம் தொடர்கின்றது. ஆள்வோரும் அடியவருள் ஒருவராய் நின்று இழுக்கும் வடம் அது.

கல்வெட்டைக் காணும் முறை

கல்வெட்டு அறிஞர்க்கே உரியது என அஞ்சி விலக வேண்டுவதில்லை. காலை, மாலை வேளைகளில் வெயில் சுவரிற் சாய்வாகப் படும்பொழுது எழுத்துகள் தெளிவாகப் புலப்படும். பெரும்பாலான கல்வெட்டுகள் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்னும் மங்கலத் தொடருடன் தொடங்கும். அதன்பின் மன்னன் பெயரும், 'யாண்டு' என்னும் சொல்லை அடுத்து ஆட்சியாண்டும், நாடும் ஊரும், கொடையின் விவரமும் முறையே வரும். மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு காட்டப்பெறாது. இவற்றை மனத்திற் கொண்டால் சில சொற்களையேனும் எவரும் படித்தறியலாம்.

நந்தாவிளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகளோ 90 ஆடுகளோ அளித்த செய்தி தமிழகக் கல்வெட்டுகளிற் பலகால் வரும். இறப்பனவற்றுக்கு ஈடாகக் குட்டிகள் பெருகி எண்ணிக்கை குறையாது நிற்பதால், அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர்.

பாகூர் சு. குப்புசாமி ஊர்தோறும் சென்று தொகுத்த புதுச்சேரிப் பகுதிக் கல்வெட்டுகளை, முனைவர் கோ. விசயவேணுகோபால் பதிப்பித்தார். அவை 2006, 2010 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாகப் புதுச்சேரியில் வெளியிடப்பெற்றன. தம் ஊர்க் கோயிலின் செய்தியை அறிய விரும்புவோர்க்கு அந்நூல் பெருந்துணையாகும்.

காப்போர் திருவடி

கருங்கல் அழியாதது எனப் பலர் எண்ணுகின்றனர். ஆயின், எழுத்து அழியும். சுவரிற் பூசும் சுண்ணாம்பும் வண்ணமும் எழுத்தின் குழிவுகளை நிரப்பி மறைத்துவிடும். சுவரோரத்தில் ஏற்றும் விளக்கின் எண்ணெயும் புகையும் கல்லிற் படிந்துவிடும். எஞ்சிய திருநீற்றையும் குங்குமத்தையும் சுவரிடுக்கிற் கொட்டுவதும், வேண்டுதல் எனக் கருதித் தம் பெயரைக் கல்லிற் கிறுக்குவதும் அறியாமையாற் செய்யும் பிழைகள். திருப்பணியின்போது மணலை விசையுடன் வீசிக் கல்லைத் தூய்மை செய்யும் முறை, அழுக்கோடு எழுத்தின் விளிம்பையும் தேய்த்துவிடும். ஆயிரம் ஆண்டு மழைக்கும் வெயிலுக்கும் தாங்கிய எழுத்து ஒருநாட் பணியில் மறைந்துபோதல் கூடும். திருப்பணியைத் தொடங்குமுன் கல்வெட்டுகளை மைப்படி எடுத்து வைத்தலும், தொல்லியல் துறையின் அறிவுரையைப் பெறுதலும், பிரித்த கற்களுக்கு எண்ணிட்டு முறைமாறாது அடுக்குதலும் திருப்பணிக் குழுவினர் கடைப்பிடிக்க வேண்டியனவாம்.

தமிழ்க் கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில் உருக்கமான வேண்டுகோள் ஒன்று காணப்படும். இவ்வறத்தைக் காப்பவனின் திருவடி தன் தலைமேல் இருப்பதாக எனக் கொடையளித்தவர் உரைப்பதே அது. நாடாண்ட மன்னரும் பொருள்மிக்க வணிகரும், தாம் கண்டிராத, இனிப் பிறக்கவிருக்கும் ஒருவரின் அடியைத் தம் முடிமேற் சூடிக்கொண்டனர். அந்த ஒருவர் யாவர்? இன்று கோயிலை வலம்வரும் ஒவ்வோர் அன்பரும் அவரே.

ஆதலின், பாகூர்க்கும் திருபுவனைக்கும் வில்லியனூர்க்கும் செல்லும் அன்பர்கள் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்க. திருச்சுற்றில் மெல்ல நடந்து, ஓர் எழுத்தையேனும் அவர்க்குக் காட்டுக. சுவரைத் தூயதாக வைத்திருத்தலும் திருத்தொண்டே ஆகும். முன்னோர் வைத்த விளக்கும் வளர்த்த கல்வியும் என்றும் குன்றாது ஒளிர, மூலநாதப் பெருமான் திருவருள் துணைநிற்பதாக!