காலண்டர் படத்தின் மூலையில் ஒரு சின்னப் பெயர்!

தமிழ்நாட்டில் காலண்டர் தொங்காத வீடு உண்டா? குடிசை என்றாலும் சரி, மாடி வீடு என்றாலும் சரி, சுவரில் ஓர் ஆணி இருக்கும். ஆணியில் ஒரு காலண்டர் இருக்கும். மேலே முருகனோ லட்சுமியோ சிரித்துக்கொண்டு இருப்பார்கள். கீழே மளிகைக் கடையின் பெயர், அல்லது ஜவுளிக் கடையின் பெயர், கொட்டை எழுத்தில் இருக்கும்.

காலையில் எழுந்ததும் தாளைக் கிழிப்பது யார் என்று குழந்தைகளுக்குள் சண்டை! கிழித்ததும் தெரியும் புதுத் தாளில் பாட்டி ராகு காலம் பார்ப்பாள். அம்மா நல்ல நேரம் பார்ப்பாள்.

ஆனால், அந்தப் படத்தை வரைந்தவர் யார்? அதைப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

தீப்பெட்டியால் வந்த அச்சு

காலண்டர் என்றால் சிவகாசி. அந்த ஊருக்கு அச்சுத் தொழில் வந்த கதை வேடிக்கையானது.

சிவகாசி வறண்ட பூமி. மழை குறைவு. விவசாயத்தை நம்பிப் பிழைக்க முடியாது. 1920-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அந்த ஊரைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டித் தொழில் வளர்ந்தது. தீப்பெட்டி என்றால் மேலே ஒட்ட லேபிள் வேண்டுமே! அதற்காக அச்சு எந்திரங்கள் வந்தன. லேபிள் அச்சடித்த கைகள் பிறகு காலண்டரும் அச்சடித்தன. எந்த வறட்சி விவசாயத்தைக் கெடுத்ததோ, அதுவே அச்சுக்கு உதவியது. காற்றில் ஈரம் இல்லாததால் மை சீக்கிரம் காயும்.

வர்ணப் படம் அச்சடிப்பது எளிய வேலை அல்ல. மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நான்கு மைகள். ஒரு மை மட்டும் போடும் எந்திரம் என்றால், ஒரே தாள் நான்கு தடவை உள்ளே போய் வர வேண்டும். தாள் ஒரு நூல் அளவு விலகினாலும் போதும், அம்மனுக்கு உதடு ஓரிடத்திலும் உதட்டுச் சிவப்பு வேறிடத்திலும் விழுந்துவிடும்!

நாடகத் திரையில் இருந்து...

சிவகாசிக்கு எந்திரம் இருந்தது. படம் போட ஆள் வேண்டாமா? அந்த ஆள் பக்கத்து ஊரான கோவில்பட்டியில் இருந்தார். அவர்தான் கொண்டைய ராஜு.

1898-ல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்து திரைச்சீலை வரைந்தார். அரண்மனை, நந்தவனம், காடு, மலை—எல்லாம் அவர் கைவண்ணம். ஊர் ஊராகப் போன அந்தக் கம்பெனி 1942-ல் கோவில்பட்டியில் கலைந்தது. மற்றவர்கள் பிழைப்புத் தேடிப் போனார்கள். ராஜு அங்கேயே தங்கிவிட்டார்.

கம்பெனி அங்கே கலையாமல் இருந்திருந்தால் நம் வீட்டுச் சாமி படங்கள் வேறு மாதிரி இருந்திருக்கும்!

அவருடைய காலண்டர் படங்களை உற்றுப் பாருங்கள். சாமிக்குப் பின்னால் தூண் இருக்கும், ஏரி இருக்கும், தூரத்தில் மலை தெரியும். நாடகத் திரையேதான்! முன்னால் நடிகர் நிற்கும் இடத்தில் சாமி நிற்கிறார். நகை ஒவ்வொன்றும் மின்னும். கண்கள் நேரே உங்களையே பார்க்கும். கோவிலில் கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தவர்களுக்கு, வீட்டுச் சுவரிலேயே தரிசனம் கிடைத்தது.

இவருக்கு முன்பே ரவிவர்மா வழி காட்டியிருந்தார். 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, கடவுள் படங்களை ஏழைகளும் வாங்கும்படி செய்தவர் அவர். ரவிவர்மா படத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். காலண்டரையோ கடைக்காரர் சும்மா கொடுத்தார்!

ராஜுவிடம் சுப்பையா, ராமலிங்கம், சீனிவாசன் போன்ற சீடர்கள் தொழில் கற்றார்கள். சில படங்களில் குருவின் பெயரும் சீடரின் பெயரும் சேர்ந்தே இருக்கும். 1976-ல் ராஜு காலமானார்.

ஆடியில் பிறக்கும் புத்தாண்டு

ஜனவரிக்கு உரிய காலண்டர் சிவகாசியில் ஆடி மாதமே பிறந்துவிடும். ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டுப் புதிய ஆல்பங்களை வெளியிடுவார்கள். ஏஜெண்டுகள் அவற்றைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறுவார்கள். கடைக்காரர் புரட்டிப் பார்த்து, "இந்தப் பிள்ளையார் இருக்கட்டும்" என்பார். முதலில் படம் மட்டும் அச்சாகும்; அடியில் இடம் காலியாக இருக்கும். கடையின் பெயரைப் பிறகுதான் அடிப்பார்கள். அதனால் ஒரே பிள்ளையார் ஓர் ஊரில் எண்ணெய்க் கடைக்கும், இன்னோர் ஊரில் இரும்புக் கடைக்கும் விளம்பரம் செய்வார்!

இப்போது பல படங்களைக் கம்ப்யூட்டரில் தயாரிக்கிறார்கள். தூரிகை பிடித்து வரைபவர்கள் குறைந்துபோனார்கள். புதிய படங்கள் பளபளப்பாகத்தான் இருக்கின்றன. ஆனால் முகத்தைப் பார்த்ததும் இது இன்னார் வரைந்தது என்று சொல்ல முடிவதில்லை.

ஆண்டு முடிந்ததும் தேதி அட்டை குப்பைக்குப் போகும். சாமி படத்தை எறிய யாருக்கும் மனம் வராது. கடையின் பெயரைக் கத்தரித்துவிட்டு, கண்ணாடி போட்டு மாட்டுவார்கள். அப்படி மாட்டிய பழைய படம் உங்கள் வீட்டில் இருந்தால், கீழ் மூலையைப் பாருங்கள். வரைந்தவர் பெயர் பொடி எழுத்தில் இருக்கலாம். சில படங்களில் அது சட்டத்துக்கு அடியில் மறைந்திருக்கும்.