நாற்காலியை அசைக்கும் இரண்டு மோட்டார்கள்

கார் பந்தய கேம் விளையாடும்போது நாற்காலியும் அசைந்தால் எப்படி இருக்கும்? வீட்டிலேயே செய்து பார்த்தேன்.

கேமில் காரின் வேகம், திருப்பம் மாறும் விவரங்களைக் கம்ப்யூட்டரில் உள்ள ஒரு புரோகிராம் ஆர்டுயினோ போர்டுக்கு அனுப்பும். போர்டு, நாற்காலிக்கு அடியிலுள்ள இரண்டு வைப்பர் மோட்டார்களை இயக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் நாற்காலி பின்னால் சாயும். 10 டிகிரி சாய்ந்தாலே உடல் எடையில் சுமார் 17 சதவீதம் முதுகில் அழுத்தும். திரையைப் பார்க்கும் மூளை அதை வேகம் என்று நம்பிவிடும்.

மோட்டார் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று போர்டுக்குச் சொல்வது பொட்டென்ஷியோமீட்டர். ஒருநாள் அதன் வயர் கழன்றது. மோட்டார் நிற்காமல் சுழன்று என்னைப் பக்கவாட்டில் தள்ளியது. சுவிட்சோ கைக்கு எட்டவில்லை!

எனவே மோட்டாருக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் அவசர சுவிட்சை முதலில் கையருகே பொருத்துங்கள். சாஃப்ட்வேர் எல்லாம் பிறகு.