உறைந்த ஏரியில் உட்கார என்ன உடுப்பது?

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அவர் மகள் அமெரிக்காவில் மினியாபொலிஸில் இருக்கிறாள். ஜனவரியில் அப்பாவையும் அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறாள். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்க மாமனாரையும் அழைத்துப் போவதாக மாப்பிள்ளை சொல்லிவிட்டாராம். "முப்பது வருஷமாக டெல்லிக் குளிரைப் பார்த்தவன். இரண்டு ஸ்வெட்டரும் மங்கி கேப்பும் போதாதா சார்?" என்றார்.

போதாது. 2023 ஜனவரியில் என் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அதே மாநிலத்தின் மில் லாக்ஸ் ஏரியில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நம்மில் பலருக்கு இப்போது பிள்ளைகள் அந்தப் பக்கம்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டெல்லியில் குளிர் என்றால் 4, 5 டிகிரி. அங்கே ஜனவரியில் மைனஸ் 20 ஆவது அதிசயமில்லை. ஏரியின் நடுவில் காற்றைத் தடுக்க ஒரு மரம்கூடக் கிடையாது. மைனஸ் 20-ல் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 33 போல இருக்கும். பனியில் நடப்பவனுக்கு உடம்பே கணப்பு. தூண்டில் போடுகிறவனோ மணிக்கணக்காக அசையாமல் உட்காருகிறான்.

நனைவதற்கும் குளிருக்கும் உள்ள உறவை நான் கற்றது காஷ்மீரில். 2007-ல் காஜிகுண்ட் பக்கம் பாதை போடும் வேலை. பருத்தி பனியன், மேலே இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் ரெக்ஸின் மழைக்கோட்டு. வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் இரண்டு கிலோமீட்டர் நடந்ததில் வந்த வியர்வை வெளியே போக வழியில்லாமல் பனியன் முழுவதும் நனைந்துவிட்டது. அளவெடுக்க நின்ற பத்தாவது நிமிடம் பல் கிட்ட ஆரம்பித்தது. கையில் பிடித்த பென்சில் நழுவியது, பேச்சும் குழறியது. உள்ளூர்த் தொழிலாளி ஒருவர் என் ஈர பனியனைக் கழற்றச் சொல்லி, தம்முடைய ஃபெரனை என் மேல் போர்த்தினார். தொளதொளவென்ற அந்தக் கம்பளி அங்கிக்குள் அரைமணி நேரத்தில் சூடு திரும்பியது.

நம்மை வெதுவெதுப்பாக வைப்பது துணியல்ல. துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்று. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் காற்றைப் போல ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தை வெளியே கடத்திவிடும். பருத்தி தண்ணீரைக் குடித்துவிட்டு விடாமல் வைத்துக்கொள்ளும். ஆகவே தோலை ஒட்டிப் பருத்தி வேண்டவே வேண்டாம். பனியனும் ஜீன்ஸும் வீட்டிலேயே இருக்கட்டும். மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடைதான் சரி. அதன் மேல் ஃபிளீஸோ கெட்டிக் கம்பளியோ, தொளதொளப்பாக. வாத்து இறகு அடைத்த ஜாக்கெட் எடை குறைவு, சூடு அதிகம். ஆனால் நனைந்தால் சப்பென்று ஒட்டிக்கொள்ளும். பனிச்சேறு தெறிக்கும் இடத்துக்குச் செயற்கை இழை அடைத்ததே மேல்.

மேலுறை தண்ணீரைத் தடுக்க வேண்டும், வியர்வை ஆவியை வெளியே விடவும் வேண்டும். 1976-ல் விற்பனைக்கு வந்த கோர்-டெக்ஸும் அதைப் போன்ற மற்றத் துணிகளும் இந்த வேலையைச் செய்கின்றன. அவற்றின் துளை நீர்த்துளி நுழைய முடியாத அளவு சிறியது, நீராவி வெளியேறும் அளவு பெரியது. கடையில் சீட்டில் 1,500 மி.மீ., 10,000 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். எத்தனை உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்பது அதன் பொருள். நான் படித்தது டிப்ளமோதான், இந்தக் கணக்குக்கு அது போதும். 70 கிலோ மனிதர் துளைக்குப் பக்கத்தில் மண்டியிடுகிறார். இரு முழங்காலும் சேர்ந்து 100 சதுர சென்டிமீட்டர் தரையில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ, அதாவது 7 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். 1,500 மி.மீ. துணி தூறலுக்கு ஆகும், முழங்காலில் கசிந்துவிடும். 10,000-க்குக் குறையாமல் வாங்குங்கள். கால்சட்டை மார்பு வரை ஏறித் தோள்பட்டையில் மாட்டுவதாக இருந்தால், குனியும்போது இடுப்பில் காற்று புகாது.

நல்ல துணியையும் வியர்வை தோற்கடித்துவிடும். ஐஸில் துளை போடுவது நல்ல உழைப்பு. அப்போது ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, உட்காரும்போது போட்டுக்கொள்ள வேண்டும்.

காலுக்கு, அடிப்பாகம் ரப்பராகவும் உள்ளே கழற்றக்கூடிய கம்பளி உறையாகவும் உள்ள பூட்ஸ். ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். குளிருமே என்று மூன்று சாக்ஸை இறுக்கித் திணித்தால் ரத்த ஓட்டமும் போகும், காற்றுக்கும் இடமிருக்காது. காலடியில் ஒரு துண்டு தெர்மோகோல் போட்டுக்கொண்டேன். மகன் சிரித்தான், மதியத்துக்குள் அவனும் ஒன்று கேட்டான்.

கைக்கு, நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் உறைதான் சூடு. உலர்ந்த இன்னொரு ஜோடி பையில் இருந்தே தீர வேண்டும். அன்று என் ஒன்பது வயதுப் பேரன் மீனைப் பிடிக்கும் ஆவலில் உறையோடு கையைத் துளைக்குள் விட்டுவிட்டான். சிறிது நேரத்தில் விரல் நுனிகள் மெழுகு போல வெளுத்து, "தாத்தா, விரல் இருக்கிறதே தெரியலை" என்றான். தேய்க்கக் கூடாது, தோல் புண்ணாகும். உறையைக் கழற்றி அவன் கையை என் அக்குளில் வைத்துக்கொண்டேன். நிறம் திரும்பும்போது வலியில் அழுதான். அந்த அழுகையைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஐஸ் உடைந்தால்? தெளிந்த புது ஐஸ் 4 அங்குலமாவது இருந்தால்தான் நடக்கலாம். வெண்ணிற ஐஸ் என்றால் அதைப் போல இரு மடங்கு. மிதக்கும் நுரை தைத்த முழு உடுப்பு கிடைக்கிறது, விலை அதிகம்தான். கழுத்தில் தொங்கவிடும் இரண்டு கூர்முனைப் பிடிகள் மலிவு. விழுந்தவர் அவற்றை ஐஸில் குத்தி வெளியே ஊர்ந்து வரலாம். கனடாவின் ஆய்வாளர் கார்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கியிருக்கிறார். மூச்சை நிதானப்படுத்த 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். பலரும் பதறுவது முதல் நிமிடத்திலேயே.

கூடாரத்துக்குள் ஹீட்டர் இருக்கிறதே என்று உடுப்பைக் குறைக்காதீர்கள். மூடிய அறையில் அங்கீட்டி வைத்துத் தூங்கியவர்களின் கதையை டெல்லியில் குளிர்காலம்தோறும் செய்தித்தாளில் படிக்கிறோம். அதே கார்பன் மோனாக்சைடுதான் அங்கேயும். காற்று வர வழி விட வேண்டும்.

உள்ளாடைகளை இங்கேயே வாங்கலாம். லூதியானாச் சரக்கு நன்றாகவே இருக்கிறது, சீட்டில் பருத்தி கலந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பூட்ஸையும் மேலுறையையும் அங்கே போய் வாங்குவதே உத்தமம். வீடு திரும்பிய இரவு பூட்ஸின் உள்ளுறையை உருவிக் காயப்போட மறக்க வேண்டாம்.