உப்பளம் பக்கத்தில், மாட்டுக்கோ தாது உப்புக் குறைவு!

தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் வெற்றிலையும் விளையும் ஆத்தூர் வட்டாரத்தில், பல வீடுகளில் கறவை மாட்டுக்கு வைக்கோல்தான் தீவனம். "கழுநீரில் ஒரு கை உப்புப் போடுகிறோமே, போதாதா?" என்று கேட்போர் உண்டு. போதாது. உப்பளத்து உப்பில் இருப்பவை பெரும்பாலும் சோடியமும் குளோரினுமே.

ஒரு லிட்டர் பாலோடு ஏறத்தாழ 1.2 கிராம் சுண்ணாம்புச் சத்தும், 1 கிராமுக்குச் சற்றுக் குறைவாக மணிச்சத்தும் மாட்டின் உடலை விட்டுப் போகின்றன. வைக்கோலில் மணிச்சத்து மிகக் குறைவு. அதிலுள்ள ஆக்சலேட், சுண்ணாம்புச் சத்தையும் உடலில் சேரவிடுவதில்லை. துத்தநாகம், தாமிரம் முதலியனவும் குறைந்தால் மாடு காலத்தில் பருவத்துக்கு வராது, சினை தங்காது. பால் வற்றினாலும் தீவனச் செலவு நிற்பதில்லை.

எந்தச் சத்து எவ்வளவு குறைவு என்பதைக் கண்ணால் அறிய முடியாது. 1989-இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஊட்டச்சத்து வல்லுநர்கள் மண், தீவனம், மாட்டின் இரத்தம் ஆகியவற்றைச் சோதித்து, அதற்கேற்பத் தாது உப்புக் கலவையை உருவாக்கியுள்ளனர்.

கறவை மாட்டுக்கு நாள்தோறும் 30 முதல் 50 கிராம் கலவையை அடர்தீவனத்தில் கலந்து கொடுத்து வரவேண்டும். சாதாரண உப்பையும் நிறுத்த வேண்டாம். இது மருந்தன்று; விட்டுவிட்டுக் கொடுத்தால் பலன் இராது. பசுந்தீவனமும் அவசியம்.

கலவை கொடுத்தும் பருவத்துக்கு வராத மாட்டை உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் காட்டவும். திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் ஆலோசனை பெறலாம்.