இரட்டைக்குழல் துவக்கு: ஒரு மலிவுப் பண்டத்தின் வரலாறும் பயன்பாடும்

பழைய இரட்டைக்குழல் வேட்டைத் துவக்கு என்றதும் ஆங்கிலப் பிரபுக்களின் பறவை வேட்டையே நம் நினைவுக்கு வருகின்றது. ஆங்கில நாவல்கள் நம்மிடம் ஏற்படுத்திய பழக்கம் இது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிறு விவசாயிக்கென மலிவாக உற்பத்தியானவையும் ஏராளம். இன்று குறைந்த விலைக்குக் கிடைக்கும் பழந்துவக்குகளிற் பல இவ்வகையினவே.

இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமும் பெல்ஜியத்தின் லியேஜும் இவற்றின் பிரதான பிறப்பிடங்கள். அங்கு குழலை ஒருவர் செய்தார், விசைப்பொறியைப் பிறிதொருவர், மரக்கட்டையை வேறொருவர். சிறு பட்டறைகளிலும் வீடுகளிலும் துண்டுக்கூலிக்கு நடந்த வேலை அது. 1875இல் அன்சன், டீலி என்போர் காப்புரிமை பெற்ற பெட்டிப்பொறி உறுப்புகளைக் குறைத்து, மலிவுக்கு மேலும் வழிதிறந்தது. துவக்கின் மேற்புறத்திற் பொறிக்கப்பட்ட பெயரோ பெரும்பாலும் விற்றவனுடையது. அமெரிக்கச் சந்தைக்கென லியேஜிற் செய்யப்பட்டவை சில, புகழ்பெற்ற ஆங்கிலத் தயாரிப்பாளரின் பெயரை ஒத்த பெயர்களைத் தாங்கின. செய்தவனின் முதலெழுத்துகளைக் காணவேண்டுமாயின் குழல்களைக் கழற்றி அடிப்புறத்தைத்தான் பார்க்க வேண்டும். அங்கும் எப்போதும் இருப்பதில்லை.

வாங்குபவர் படிக்க வேண்டிய சோதனை முத்திரைகளும் அந்த அடிப்புறத்திலேயே உள்ளன. பேர்மிங்ஹாம் சோதனைச்சாலை 1813இல் சட்டத்தின் மூலம், துவக்கு வணிகர்களின் கோரிக்கைப்படியே நிறுவப்பட்டது. வழமைக்கு மிஞ்சிய மருந்திட்டுச் சுட்டுப் பார்த்த பின்னரே முத்திரை குத்தப்படும். மூலதனம் தன் பண்டத்தின் நற்பெயருக்கு அளித்த இக்காப்பை, அதைச் செய்த தொழிலாளியின் உடலுக்கு அளிக்க நெடுங்காலம் விரும்பவில்லை என்பது நோக்கற்பாலது.

முத்திரை எம்மருந்துக்கு உரியது என்பதே முதற்கேள்வி. கரிமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்ட குழலில் இக்காலப் புகையற்ற மருந்துத் தோட்டாவை இடலாகாது. இரும்பையும் உருக்கையும் முறுக்கிச் செய்த டமஸ்கஸ் குழல்கள் யாவும் ஆபத்தானவை என்பது மிகைக்கூற்று; புகையற்ற மருந்துக்கு முறையாகச் சோதிக்கப்பட்டவையும் உண்டு. ஆனால் பின்னாளில் உட்புறம் கடையப்பட்டுச் சுவர் மெலிந்திருப்பின் பழைய முத்திரைக்குப் பொருளில்லை. அளந்தே அறியவேண்டும்.

இரண்டாவது, தோட்டா அறையின் நீளம். பழைய 12 துளைத் துவக்குகள் பலவற்றில் அது இரண்டரை அங்குலமே. இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவும் அதனுள் தடையின்றி நுழையும். ஏனெனில் அந்நீளம், சுட்டபின் வாய் விரிந்த தோட்டாவின் நீளமாகும். விரியும் வாய் அறைக்கு முன்னுள்ள ஒடுங்கிய பகுதியை மறிக்க, அமுக்கம் உயருகின்றது. குழல் வெடிக்குமாயின் அதனைத் தாங்கிப் பிடித்த கையே முதலிற் சிதையும்.

ஆகவே தேர்ந்த துவக்குத் திருத்துநரிடம் அறை நீளம், சுவர்க் கனம், பூட்டின் இறுக்கம் ஆகியவற்றைச் சோதித்தே வாங்குதல் வேண்டும். பின்னரும் குறைந்த அமுக்கமுடைய குறுந்தோட்டாவே ஏற்றது. உருக்குச் சன்னம் பழைய குழல்களுக்கு ஆகாது. ஈயம் தடைசெய்யப்பட்ட இடங்களில் பிஸ்மத் சன்னம் பயன்படும். அதன் விலையோ துவக்கை மலிவாக வாங்கியதன் ஆதாயத்தை விரைவில் விழுங்கிவிடும்.