ஓடாத காருக்கு ஒரு ஹேண்ட்பிரேக்

பைக்கின் பழைய பாகங்களைக் கொண்டு வீட்டிலேயே ராலி அனுபவம்

கார் திரையில் ஓடுகிறது. கொண்டை ஊசி வளைவு நெருங்க, நாற்காலியின் பக்கத்தில் நிற்கும் இரும்பு லிவரை ஒரு கை வெடுக்கென்று இழுக்கிறது. திரையில் காரின் பின்புறம் வழுக்கிச் சுழல்கிறது. முன்புறம் வளைவுக்குள் திரும்புகிறது.

சிம் ரேசிங் என்ற கம்ப்யூட்டர் கார் பந்தயத்தில் ஈடுபடுவோர் பலர் இந்த லிவரைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். காரணம் செலவு மட்டுமல்ல. மலிவான லிவர்கள் பலவும் கம்பி நகர்ந்த தூரத்தைத்தான் அளக்கின்றன. கைக்குப் பழகுவதோ தூரமல்ல, அழுத்தம். ராலி கார்களில் கேபிளுக்குப் பதிலாக பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக் இருப்பதால், வீட்டிலும் அதையே உருவாக்குகிறார்கள்.

பாகங்கள் கிடைப்பது கடினமல்ல. தில்லியில் என்றால், பைக் சாமான்களுக்குக் கரோல்பாக், எலக்ட்ரானிக்ஸுக்குச் செங்கோட்டை எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட். பைக்கின் டிஸ்க் பிரேக்கிலுள்ள மாஸ்டர் சிலிண்டரை லிவர் அழுத்துகிறது. ஆயில் குழாய் வழியே காலிப்பருக்குப் பாய்கிறது. காலிப்பரின் நடுவே டிஸ்க்குக்குப் பதில் கெட்டியான ரப்பர் துண்டு. இழுக்க இழுக்க கை உணரும் எதிர்ப்பு இந்த ரப்பரிலிருந்தே வருகிறது.

குழாயில் பொருத்திய பிரஷர் சென்சார் அழுத்தத்தை மின்னழுத்தமாக மாற்றுகிறது. பரவலாகக் கிடைக்கும் சென்சார்கள் 0.5 முதல் 4.5 வோல்ட் வரை தருபவை. ஆர்டுயினோ லியோனார்டோ என்ற சிறிய சர்க்யூட் போர்டு இதைப் படித்து, ஜாய்ஸ்டிக் போலக் கம்ப்யூட்டரிடம் பேசுகிறது. 0 முதல் 1023 வரையிலான அதன் அளவுகோலில், கை படாத லிவர் சுமார் 102 காட்டும், பூஜ்யம் அல்ல. இதைப் புரோகிராமில் சரிசெய்யாவிட்டால் திரையில் கார் எப்போதும் அரைபிரேக்கில் இழுபடும்.

சோதனை இனித்தான். குழாயில் ஏர் பிடித்திருந்தால் லிவர் பஞ்சுபோல் அமுங்கும். மெக்கானிக் செய்வதுபோல் ஏர் எடுத்தே ஆக வேண்டும். கையில் கிடைத்த இன்ஜின் ஆயிலை ஊற்றினால் பிரேக் ஆயிலுக்கென்றே செய்த சீல்கள் ஊதிப்போய் சிலிண்டர் சிக்கிக்கொள்ளும். கசியும் பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கும். கண்ணில் படவே கூடாது.

வெறும் விளையாட்டுக்கு இவ்வளவா? 2011இல் வீடியோ கேம் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் இளைஞர் ஜான் மார்டன்பரோ, 2013இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் நிஜக் கார் ஓட்டி, தன் அணியுடன் எல்எம்பி2 பிரிவில் மூன்றாமிடம் பெற்றார். எல்லோருக்கும் அது வாய்க்காது. ஆனால் ராலி கார் வாங்க வசதியில்லாதவரின் கையும் வளைவைக் கற்றுக்கொள்ள இது ஒரு வழி.

கறாராகக் கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்று: இப்படிப் பிரித்துப் பயன்படுத்திய சிலிண்டரை மறுபடி பைக்கில் மாட்டக் கூடாது. திரையில் பிரேக் பிடிக்காவிட்டால் ஆட்டத்தை மறுபடி தொடங்கலாம். சாலையில் முடியாது.