உறுமி அடித்தால் மட்டும் போதுமா?



தைப்பூசம் முடிந்து மூன்றாம் நாள் நம் மேசைக்கு ஒரு படம் வந்து சேர்ந்தது. நிபோங் திபால் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் உறுமி மேளக் குழுவினர் அனுப்பியது. பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள், நடுவில் ஒரு பெரியவர். வாட்ஸ்அப்பில் கை மாறிக் கை மாறி வந்ததால் முகங்கள் எல்லாம் மழையில் நனைந்த கோலம் மாதிரிக் கலைந்து கிடந்தன. கீழே ஒரே ஒரு வரி: "ஐயா, பேப்பர்ல போடுங்க." யார், எந்த ஊர், எத்தனை வருஷமாக வாசிக்கிறார்கள், ஒன்றும் இல்லை. வந்த எண்ணுக்கு அழைத்தோம், எடுக்கவில்லை. பிற்பாடுதான் தெரிந்தது, அந்தத் தம்பி அந்நேரம் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் இருந்தாராம். பத்திரிகையோ அச்சுக்குப் போகும் நேரம். 'தோட்டப்புறக் கலைக் குழுவினர்' என்று போட்டு, தபால்தலை அளவுக்கு ஒரு மூலையில் வைத்து அனுப்பிவிட்டோம். குற்றம் நம் மேலும் இருக்கிறது, மறுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெரியவரே நேரில் வந்தார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். "முப்பது வருஷமா தோல் கட்டி அடிக்கிறேன் ஐயா. ஒரே ஒரு தடவை பேப்பர்ல வந்துச்சு. அதிலயும் பேரு இல்லைங்களே" என்றார். நாம் என்னத்தைப் பதில் சொல்வது!

உடன் வந்த தம்பி இன்னொரு கதை சொன்னார். பினாங்குத் தீவில் ஒரு கலை நிகழ்ச்சிக்கு இவர்களை அழைக்கலாமென்று ஏற்பாட்டாளர்கள் விசாரித்திருக்கிறார்கள். "உங்கள் பிரஸ் கிட்டை அனுப்புங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். கிட் என்றால் என்னவோ மருந்துப் பெட்டி என்று நினைத்து இவர்கள் விழித்திருக்கிறார்கள். நாலு நாள் போனது. இடம் வேறு குழுவுக்குப் போய்விட்டது. வாசிப்பில் இவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. நாமே கேட்டிருக்கிறோம், வளைந்த குச்சியால் உறுமியின் ஒரு பக்கத்தைத் தேய்த்து உறும வைக்கும்போது அடிவயிறு கலங்கும். ஆனால் அந்தச் சத்தம் கடல் தாண்டி அந்த அலுவலக மேசைக்குக் கேட்கவில்லையே!

அந்த 'எலக்ட்ரோனிக் பிரஸ் கிட்' பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. நாம் அதைச் செய்திப் பொதி என்று வைத்துக்கொள்வோம். முன்பெல்லாம் நாடகக் குழுக்கள் ஒரு காகித உறைக்குள் தங்கள் வரலாறு, நல்ல படங்கள், பழைய செய்தித் துண்டுகள் எல்லாவற்றையும் போட்டுப் பத்திரிகை நிலையத்துக்கு எடுத்து வருவார்கள். இன்று அதே உறை இணையத்தில் ஒரு கோப்பாக இருக்கிறது. கேட்டவருக்கு ஒரு இணைப்பை அனுப்பினால் போதும். நிருபர் நடு ராத்திரியில் திறந்தாலும் அவருக்கு வேண்டியது அதில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜோர்ஜ்டவுனில் இது ஏன் இவ்வளவு முக்கியம்? 2008 ஜூலை 7-ஆம் தேதி மலாக்காவோடு சேர்த்து அந்நகரை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2010-இல் ஜோர்ஜ்டவுன் விழா தொடங்கியது. 2011-இல் தஞ்சோங் தொக்கோங்கில் பினாங்கு மேடைக்கலை மையம் திறக்கப்பட்டது. ஆர்மேனியன் ஸ்திரீட் சுவரில் சைக்கிள் ஓட்டும் இரண்டு குழந்தைகளின் சித்திரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விடுமுறைக்குப் போனால் அதன் முன் நின்று படம் எடுக்காமல் வருவதில்லையே! அது 2012-இல் அந்த விழாவுக்காக எர்னெஸ்ட் சகாரெவிச் என்ற லித்துவேனியா நாட்டு ஓவியர் வரைந்தது. படம் ஊர் சுற்றியபோது அவர் பெயரும் கூடவே சுற்றியது. நம் குழுவின் படமும் ஊர் சுற்றத்தான் செய்தது, பெயர் மட்டும் லயத்திலேயே தங்கிவிட்டது.

இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1880-களில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழு ஒன்று பினாங்கில் ஆடிவிட்டு ஊர் திரும்பும்போது, அதன் உடுப்புகளையும் திரைகளையும் மாமாக் பூஷி என்பவர் விலைக்கு வாங்கி, மலாய் மொழியில் நாடகம் போட்டார் என்று சொல்வார்கள். பங்சாவான் நாடகம் அப்படித்தான் பிறந்ததாம். அந்த நாடகக்காரர்களைப் பற்றி இன்று நமக்கு எப்படித் தெரியும்? அன்றைய செய்தித்தாள்களில் அவர்கள் கொடுத்த விளம்பரங்களும் அவர்களைப் பற்றி வந்த விமர்சனங்களும் இருக்கின்றன. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தான் சூய் பெங் அவற்றையெல்லாம் தேடிப் பிடித்து 1993-இல் பங்சாவான் பற்றிப் பெரிய நூலே வெளியிட்டார். நம் தோட்டங்களில் விடிய விடிய அரிச்சந்திரன் ஆடினார்களே, பொன்னர் சங்கர் கதை பாடினார்களே, அவர்களைப் பற்றி எழுத வேண்டுமானால் எந்தத் தாளைப் புரட்டுவது?

பத்து காவானையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த தோட்டம். 2014-இல் இரண்டாவது பாலம் அங்கேதான் வந்து இறங்கியது. இன்று அந்த வட்டாரத்தில் தொழிற்சாலைகள், வீடமைப்புகள். 2019-இல் மேசை நாற்காலி விற்கும் ஐக்கியா கடையும் வந்தது. பெரட்டுக் களத்தில் மேளம் கேட்ட மண்ணில் இப்போது கார்கள் நிற்கின்றன. யார் அடித்த மேளம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

ஆகவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் இளைஞர்களோடு உட்கார்ந்தோம். முதலில் குழுவைப் பற்றி எழுதச் சொன்னோம். 'உலகப் புகழ் பெற்ற' என்று ஆரம்பித்தார்கள்! "தம்பி, பாலத்தைத் தாண்டிய புகழையே இன்னும் காணோம்" என்றதும் பெரியவரே சிரித்துவிட்டார். அடித்து அடித்துக் கடைசியில் ஒரு வரி நின்றது: எந்தத் தோட்டம், எந்த ஆண்டு தொடங்கியது, எத்தனை பேர், என்ன வாசிக்கிறார்கள். அந்த ஒரு வரியைத்தான் நிருபர் அப்படியே எடுத்துப் போடுவார். பிறகு அதையே ஒரு பத்தியாகவும், ஒரு பக்கமாகவும் எழுதினோம். தமிழில் மட்டும் இருந்தால் பாதிப் பேர் படிக்க மாட்டார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் வேண்டும். ஐந்தாம் படிவம் படிக்கும் தங்கச்சி ஒருத்தி மலாயில் எழுதித் தந்தாள். நம் தமிழைவிட அது நன்றாக இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

உறுமி மேளம் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அடிதடிக் கும்பல் என்று ஒரே வாயில் சொல்லிவிடுகிறார்கள். அதனால் குழு சங்கப் பதிவிலாகாவில் பதிவாகியிருந்தால் அந்த எண்ணைப் பொதியில் போடுங்கள். வாசித்த கோயில்கள், பள்ளிக்கூடங்கள், ஆண்டு, எல்லாம் எழுதுங்கள். வாசிக்காத இடத்தை எழுதாதீர்கள். ஒரு பொய் பிடிபட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

படம்தான் பெரிய தலைவலி. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது படத்தை நசுக்கிச் சிறிதாக்கிவிடும். கைத்தொலைபேசியில் பார்க்க அழகாக இருக்கும், அச்சில் ஏறினால் முகம் இருக்காது. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது கணக்கு. ஆறு அங்குல அகலத்தில் போட வேண்டுமானால் அகலத்தில் மட்டும் 1800 புள்ளி. எடுத்த படத்தை அப்படியே, 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். அல்லது கூகுள் டிரைவ் மாதிரி இடத்தில் போட்டு இணைப்பைத் தாருங்கள். இணைப்பு உள்ள யாரும் திறக்கலாம் என்று மாற்றி வைக்க மறக்காதீர்கள். பூட்டிய கதவின் முகவரியைக் கொடுத்துவிட்டு விருந்துக்கு அழைக்கிறவர்கள் நிறையப் பேர்! சில இலவசச் சேவைகள் சில நாளில் கோப்பை அழித்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் வரிசையாக நின்று விறைத்துப் பார்க்கும் படம் ஒன்று போதும். மற்றவை வாசிக்கும்போது எடுத்தவையாக இருக்கட்டும். தோலில் விரல் படுவது, வியர்வை வழிவது, தெரிய வேண்டும். படத்துக்குக் கீழே இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரும், எடுத்தவர் பெயரும், ஆண்டும் இருக்கட்டும். எடுத்தவரிடம் அனுமதி கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் தாய் தகப்பனிடமும் கேளுங்கள்.

வீடியோ இரண்டு மூன்று நிமிடம் போதும். அந்தத் தம்பி முதலில் காட்டிய வீடியோவில் பின்னணியாக ஒரு சினிமாப் பாட்டு! உறுமிக்காரன் வீடியோவில் உறுமிச் சத்தம் கேட்கவில்லை. தவிரவும், அடுத்தவர் பாட்டைப் போட்டால் பதிப்புரிமைச் சிக்கல் வரும், இணையத்தில் சத்தத்தையே நிறுத்திவிடுவார்கள். மேடை எவ்வளவு அகலம் வேண்டும், எத்தனை மைக், நெருப்பு உண்டா இல்லையா என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்தோம். மண்டபக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். தொடர்புக்கு இரண்டு பேர் எண் கொடுத்தோம். ஒருவர் ஷிப்டில் இருந்தாலும் மற்றவர் எடுப்பார்.

செலவு? தேத்தண்ணியும் வடையும்தான்.

இரண்டாவது ஞாயிறு மாலை, எல்லாம் முடிந்து எழுந்திருக்கும் நேரம். பெரியவர் வீட்டுக்குப் போய்ப் பிஸ்கட் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கோயில் வாசலில் ஆறு பேர், கையில் மேளம். "இது எங்க அப்பா. இது சித்தப்பா. இவரு தண்டல் வீட்டு மாப்பிள்ளை" என்று விரல் வைத்துக்கொண்டே வந்தவர் ஐந்தாவது ஆளிடம் நின்றுவிட்டார். நெடுநேரம் பார்த்தார். "பேரு நாக்குல இருக்குது, வர மாட்டேங்குது" என்றார். தோட்டத்தில் மூத்த கிழவி ஒருத்தியிடம் காட்டினோம், அவருக்கும் தெரியவில்லை.

அந்தப் படமும் இப்போது பொதியில் இருக்கிறது. ஐந்து பெயர் எழுதி, ஒரு இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் அதை இதே பகுதியில், இந்தத் தடவை பெரிதாகவே போடுகிறோம். இடமிருந்து ஐந்தாவதாக, தலைப்பாகை கட்டி நிற்பவரைத் தெரிந்தவர்கள் நமக்கு எழுதுங்கள்.